மூக்குப் பொருத்தம்

மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரிதான். அதற்காகவே மும்பை தாராவியில் ஆறுமுகநயினார் வீட்டில் அன்று இட்லி அவிந்தது. அவர் மனைவி முப்பிடாதியம்மாளின் மல்லிச் சட்னிக்குச் செம்பூர் வரை பேர் உண்டு. அவள் வாய்க்கும் அதே அளவு பேர் உண்டு.

விக்ரோலியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தகப்பனார் கணேசபாண்டியன், ஆறுமுகநயினார் பக்கத்தில் இலை முன் உட்கார்ந்து, இட்லியை அந்தச் சட்னியில் தொட்டு ஒரு வாய் வைத்தார். முகம் கோணிற்று.

"மதினி, பாத்திரத்தைச் சரியா அலசலையோ? சாபுன் வாசம் அடிக்கே."

"என் பாத்திரத்தையா சொல்லுதிய?" முப்பிடாதியம்மாள் கரண்டியை ஓங்காத குறைதான்.

ஆறுமுகநயினார் மனைவிக்குக் கண்ணைக் காட்டினார். ஒரே மகள் கோகிலவாணி ஆசைப்பட்ட மாப்பிள்ளை. சம்பந்தி பாதியில் எழுந்தால் எல்லாம் போச்சு.

லேபில் வேலை பார்க்கும் கோகிலவாணி சமாதானத்துக்கு வந்தாள்.

"பாத்திரத்துல கோளாறில்ல மாமா. ஓஆர்6ஏ2-ன்னு ஒரு ஜீன் இருக்கு. அது செய்யுத புரதம் மூக்குச் செல்லு மேல இருந்து வாசத்தைப் பிடிச்சு மூளைக்குச் சேதி சொல்லும். சில பேருக்கு அந்த ஜீன் கொஞ்சம் மாறியிருக்கும். அவங்களுக்கு மல்லித்தழைன்னாலே சோப்பு வாசந்தான். பரம்பரையா வரும்."

கல்யாணப் பேச்சில் பரம்பரையை இழுக்கலாமா? படித்த பிள்ளை, இழுத்துவிட்டாள்.

"எங்க வம்சத்துல குறைங்கியா?" கணேசபாண்டியன் இலையை மூடக் கை வைத்தார்.

ஆறுமுகநயினாரிடம் ஓர் உண்மை இருந்தது. கல்யாணமான மறுநாளிலிருந்து வீட்டு அமைதிக்காக விழுங்கி வந்த உண்மை. அதைச் சொன்னால் மகள் பிழைப்பாள், தாம் பிழைப்பது சந்தேகம். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இருங்க சம்பந்தி. எனக்கும் சோப்புதான்."

கணேசபாண்டியனின் கை இலையை விட்டது. "உங்களுக்குமா? அப்ப ரெண்டு வம்சமும் ஒண்ணுதான!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். "மதினி, தேங்காச் சட்னி இருந்தா கொண்டாங்க. நான் சாப்பிட்டுட்டுதான் எந்திரிப்பேன்."

முப்பிடாதியம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

"தெனமும் இன்னொரு கரண்டி கேட்டியளே?"

"நீ ஆசையா அரைச்சது. சோப்பா இருந்தா என்ன?"

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. உள்ளே போய் அவசரமாகத் தேங்காய்ச் சட்னி அரைத்து வந்து, முதல் கரண்டியைப் புருஷன் இலையில் விட்டாள். அவர் தொட்டு நக்கினார். உப்பே இல்லை.

"நல்லாருக்கு" என்றார் பழக்கதோஷத்தில்.

அவள் அவர் இலையிலேயே விரலால் தொட்டுத் தானும் நக்கிப் பார்த்தாள். பிறகு உப்பு ஜாடியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.