உப்புக் காபி

பெண் கேட்க வரும் துருக்கி மாப்பிள்ளைக்கு உப்புக் காபி கொடுக்க வேண்டுமாம். முகம் சுளிக்காமல் குடித்தால் தங்கமான பையனாம். பெய்ரூத்தில் இருக்கும் நஜ்லாவுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் மகள் ரீமாவின் பிடிவாதத்துக்காக ஒரு கோப்பையில் உப்பை அள்ளிப் போட்டாள்.

துருக்கியின் அந்தாக்யாவிலிருந்து மாப்பிள்ளையான மகன் ஓர்குனோடு வந்திருந்த நெரிமானுக்கு அரபி நன்றாகவே தெரியும். அதுதான் வினை.

"பக்லாவா பரவால்ல சம்பந்தி. நாங்க பிஸ்தா போடுவோம். நீங்க பாவம், முந்திரிய வச்சு சமாளிக்கிறீங்க."

"நானூறு வருஷம் எங்க நாட்ட ஆண்டு, உக்காந்து தின்னீங்களே, அப்பல்லாம் ருசியா இருந்துச்சாக்கும்?" என்று நஜ்லா இனிக்க இனிக்கக் கேட்டாள்.

"சமைக்கக் கத்துக்குடுக்கத்தானே வந்தோம்!"

பதறிப்போன ரீமா தட்டை மாற்றி நீட்டிவிட்டாள். உப்புக் கோப்பை நெரிமான் கைக்குப் போனது. தடுக்க வாயெடுத்த நஜ்லா, முந்திரிப் பேச்சு உறுத்தவே பேசாமல் இருந்துவிட்டாள்.

நெரிமானுக்குக் கண் கலங்கியது. முகம் மட்டும் அசையவில்லை. கசடு தெரியும்வரை குடித்துவிட்டு, "லெபனான் காபி இப்படித்தான் இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள்.

நாட்டின் மானமே போகிறதே! "ஐயோ, அது உங்க ஊர் வழக்கம். மாப்பிள்ளைக்குப் போட்ட உப்பு!" என்று நஜ்லா உண்மையைக் கக்கினாள்.

"ஒரு வாய்லயே தெரிஞ்சுது. என் புருஷன் பொண்ணு கேக்க வந்தப்ப உப்புக் காபியத் துப்பிட்டாரு. அப்படியும் அவரையே கட்டிக்கிட்டு அனுபவிக்கிறேன்!"

நஜ்லா வயிறு வலிக்கச் சிரித்தாள். கல்யாணத் தேதியைக் குறித்த பிறகுதான் சம்பந்தியை எழுந்திருக்கவே விட்டாள்.