அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே

சஜிதாவை அடக்கி மூன்று நாளாகிறது. நிரவியிலிருந்தும் அம்பகரத்தூரிலிருந்தும் துக்கம் கேட்க வந்தவர்கள், பேசி வைத்துக்கொண்டது போல ஒன்றையே சொன்னார்கள்: "ஹயாத்து அவ்வளவுதான்." ஆயுளை அளந்து கொடுத்தவன் எடுத்துக்கொண்டான், மனுஷன் என்ன செய்ய முடியும் என்றார்கள். சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தார்கள். கூடத்து டைல்ஸ் எடுப்பாக இருக்கிறது என்றும் இரண்டு பேர் சொன்னார்கள். துக்க வீட்டில் கண் போகிற இடத்தைப் பாருங்கள்!

அந்த டைல்ஸ்தான் சஜிதாவின் புருஷன் ஜெகபர் அலியைத் தின்றுகொண்டிருந்தது. இறந்த அன்று சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்போதே அவள் நெஞ்சைப் பிசைகிறது என்றாள். கொத்தனார் சோமு கடைசி வரிசை ஒட்டிக்கொண்டிருந்தார். தான் நகர்ந்தால் அவர் கோணலாக ஒட்டிவிட்டுப் போய்விடுவாரோ என்று ஜெகபர் அலிக்குப் பயம்.

"வாய்வாத்தான் இருக்கும். ஓமத்தண்ணி குடி, மஃரிபு தொழுதுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். பொழுது சாய்ந்து, மஃரிபுக்குப் பிறகு கார் காரைக்கால் டவுனைத் தொட்டபோது அவள் இவர் மடியில் கனத்துக் கிடந்தாள்.

ஊரார் சொல்வதை நம்பிவிட்டால் நிம்மதிதான். ஆனால் எல்லாம் முன்பே முடிவானதென்றால் தன் மேல் தப்பில்லை. தப்பில்லாதவன் எந்தப் பாவத்துக்குத் தௌபா செய்வது? சஜிதாவிடம் எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது? தொழுதுவிட்டுக் கையேந்தினால் வார்த்தை வரவில்லை. யாராவது முகத்துக்கு நேரே திட்டிவிட மாட்டார்களா என்று ஏங்கினார்.

மூன்றாம் ஃபாத்திஹா ஓதிக் கூட்டம் கலைந்த பிறகு, சஜிதாவின் அண்ணன் காதர் பாட்சா மட்டும் உட்கார்ந்திருந்தார். "மனசை விட்டுடாதீங்க மாப்ள. அவ ஹயாத்து..." என்று தொடங்கினார்.

"அஸருக்கே சொன்னா மச்சான்" என்றார் ஜெகபர் அலி. பிறகு ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

காதர் பாட்சா கூடத்து டைல்ஸைப் பார்த்தார். "திடீர்னு நெஞ்சடைச்சுதுன்னுதானே எங்கள்ட்ட சொன்னீங்க?"

ஜெகபர் அலி தலையாட்டினார்.

"நீ அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா எந்தங்கச்சி இருந்திருப்பா."

இருபத்தாறு வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து மாப்பிள்ளைக்கு ஒரு 'நீ' வந்ததில்லை. மூன்று நாளாக ஜெகபர் அலி ஏங்கிய பேச்சுதான் அது. காதில் விழுந்ததும் தாங்க முடியவில்லை, பதறிவிட்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க மச்சான். அன்னைக்கு அவ மவுத்தாவான்னு அல்லாஹ்வுக்கு முன்னாடியே தெரியும்ல?"

காதர் பாட்சா எழுந்தார். தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"தெரியும். நீ கூட்டிட்டுப் போவ மாட்டேங்கறதும் அவனுக்குத் தெரியும்."

ஸலாம் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.