மூன்று கிலோமீட்டர் ஏற்றம்

மாமியாரும் மாப்பிள்ளையும் ஒத்துப்போகிற வீடுகள் அபூர்வம். இந்த வீட்டில் கொஞ்சம் அளவுக்கு மீறியே ஒத்துப்போனது. போன வருடம் இடுப்பெலும்பு முறிந்து அத்தை ஆறு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஏதோ ஒரு தீவில் நடக்கும் துப்பறியும் தொடர். நாற்பது எபிசோடையும் இருவரும் பார்த்துத் தீர்த்தார்கள். கொலைகாரன் யாரென்று பந்தயம் வேறு. பெரும்பாலும் அத்தைதான் ஜெயிப்பார்.

இப்போது அத்தை கைத்தடி ஊன்றி முக்குக் கடைவரை போய்வருகிறார். இன்னும் இரண்டு மாதத்தில் மகளையும் சேர்த்து மூவருமாக அந்தத் தீவுக்கே ஐந்து நாள் போவதாக ஏற்பாடு.

மாப்பிள்ளைக்குப் பல்செட் செய்யும் லேபில் வேலை. வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை உண்டு என்று அடித்துச் சொல்லக்கூடிய ஆள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, தொடரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சுவரையும் ஜன்னலையும் இணைய வரைபடத்தோடு ஒப்பிட்டு, படம் பிடித்த பதினான்கு இடங்களைக் கண்டுபிடித்துவிட்டான். தொடரில் வந்த போலீஸ் ஸ்டேஷன் நிஜத்தில் தபால் நிலையம். கொலைகாரனின் பங்களாவில் மழலையர் பள்ளி நடக்கிறது. நான்கு தாள்களை ஒட்டிச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, பதினான்கு சிவப்புப் புள்ளி வைத்தான். முதலில் போட்ட திட்டம் எபிசோட் வரிசைப்படி போனது. அதன்படி போனால் ஒரு நாளைக்கு மூன்று முறை தீவைச் சுற்றவேண்டும்.

"சுத்திப் பாக்கப் போறோமா, தபால் குடுக்கப் போறோமா?" என்று கேட்டாள் மனைவி. அவள் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர் முழங்காலை மடக்கி நீட்டுகிறவளுக்குத் தன் காலால் ஒரு மலை ஏறவேண்டும் என்று ஆசை. ஒரு பாதையையும் தேர்ந்தெடுத்திருந்தாள். உச்சியில் இருக்கும் லைட்ஹவுஸுக்கு மூன்று கிலோமீட்டர் ஏற்றம், வண்டி போகாது. பதினேழாவது எபிசோடில் பெண் இன்ஸ்பெக்டர் தன்னந்தனியாக நடந்துபோகிற அதே பாதை.

"அதுக்கு நானும் வரேன்," என்றார் அத்தை.

"முடியாதும்மா," என்றாள் மகள். அதோடு பேச்சு நின்றது. நான்கு நாள் அம்மாவும் பெண்ணும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாம்பார் கரண்டிகூட மாப்பிள்ளை கை வழியாகத்தான் போய்வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். டிவியில் அந்தக் காட்சியை நிறுத்தி, இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"அத்தை, லைட்ஹவுஸ்கிட்டயே போய் நின்னா இந்தக் காட்சி தெரியாது. கேமராவ எதிர்ப்பக்கம் ரோட்டு வளைவுல வச்சிருக்காங்க. அங்க வரைக்கும் கார் போகும், பெஞ்சும் இருக்கு. நாங்க ரெண்டு பேரும் ஏறுறோம். நீங்க பெஞ்சுல உக்காந்தா டிவில பாத்த மாதிரியே பாக்கலாம்."

"உருப்படியா ஒரு யோசனை!" என்றாள் மனைவி. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து இப்படி வருவது அதிசயம். அவன் முகமெல்லாம் பல்லாக அத்தையைப் பார்த்தான்.

அத்தை கண்ணாடியைப் போட்டு டிவியைப் பார்த்தார். பிறகு கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாத்தது போதும் மாப்பிள்ளை. ஆறு மாசம் பாத்துக்கிட்டேதானே கிடந்தேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆறு மாதமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவனுக்கு இது தோன்றியிருக்கவேண்டும் என்று வெட்கமாகவும் இருந்தது. ரிமோட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"மறுபடி விழுந்தா என்னம்மா பண்றது?" என்றாள் மகள்.

"நான் விழுந்தது பாத்ரூம்லடி. அங்க என்ன மலையா இருந்துது?"

அன்றைக்குக் குளியலறைக் கதவை உடைத்து முதலில் உள்ளே போனவள் மகள்தான். நான்கு நாளாக அவளுக்கு இருந்தது கோபமே இல்லை, பயம். புருஷனுக்கே அது இப்போதுதான் புரிந்தது.

"அந்தப் பாதையில உக்கார்ற மாதிரி ஒன்பது கல்லு இருக்கு," என்றார் அத்தை. "மாப்பிள்ளை வேலைக்குப் போனப்புறம் அந்த எபிசோடப் போட்டுப் பாத்து எண்ணி வச்சிருக்கேன். நாலாவது கல்லு கொஞ்சம் உயரம் கம்மி, எழுந்திருக்கறது கஷ்டம். மத்ததெல்லாம் பரவாயில்ல."

மகள் எழுந்து மேஜைக்குப் போனாள். வரைபடத்தின் மேல் குனிந்து வெகுநேரம் நின்றாள்.

"ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுசா ஓய்வு," என்றாள், நோயாளிகளிடம் பேசும் குரலில். "இறங்கினப்புறம் ரெண்டு நாள். வேற எங்கயும் அலையக் கூடாது."

ஐந்து நாளில் நான்கு அங்கேயே போயிற்று. பதினான்கு புள்ளிகளில் மிஞ்சுவது லைட்ஹவுஸும், மிச்சமிருக்கும் ஒரு நாளில் அலையாமல் பார்க்கக்கூடிய தபால் நிலையமும்தான். பேனாவை எடுத்து மற்ற பன்னிரண்டையும் மாப்பிள்ளையே அடித்தான். மழலையர் பள்ளியின் மேல் மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது.

"வருத்தமா மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை," என்றான் அவன். "இருக்கட்டும்."

"ஒன்பது கல்லு போதாது," என்று மகள் குறுக்கிட்டாள். "நடுவுல பாதிப் பாதைய அந்தத் தொடர்ல காட்டவே இல்ல. மடக்கு ஸ்டூல் ஒண்ணு வேணும்." அதைச் சுமக்கப்போவது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவள் கதவருகே போய் அம்மாவின் ஷூவைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள். "மாட்டிக்கோ. நம்ம படிக்கட்டுல நாலு மாடி ஏறிப் பழகணும். கைப்பிடியப் பிடிச்சுக்கோ."

"இப்பவேவா?"

"ரெண்டு மாசம்தாம்மா இருக்கு," என்றாள் மகள்.