வெட்டுச் சுத்தியலும் இரண்டு மாப்பிள்ளைகளும்

சின்ன மாப்பிள்ளை செய்து கொண்டுவந்த வெட்டுச் சுத்தியலை மாமனார் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பிறந்த குழந்தையைக் கையில் வாங்குகிறவர்கூட அவ்வளவு பதமாகத் தொடமாட்டார்.

"லாரி அச்சுலயா எடுத்தீங்க மாப்ள?"

"ஆமா மாமா. உடைஞ்சு கிடந்த துண்டு."

"கையில உட்கார்ந்துக்குது. எந்திரிக்கவே மாட்டேங்குது."

பக்கத்தில் நின்ற பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. அந்த நேரம் பார்த்து அவன் மனைவி டீத் தட்டோடு பட்டறைக்குள் வந்தாள்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"புகை."

"உலை இன்னும் பத்தவே வைக்கலையே."

அவன் டம்ளரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெட்டுச் சுத்தியல் என்றால் ஆணி அடிக்கிற சுத்தியல் இல்லை. ஒரு முனை கோடாலி மாதிரி கூராக இருக்கும், மறுமுனை மொட்டை. ஒருவர் பழுக்கக் காய்ந்த கம்பியின் சூடேறாத நுனியை இடது கையில் பிடித்து, வலது கையால் சுத்தியலின் கூர் முனையைக் கம்பிமேல் வைத்து நிறுத்துவார். எதிரே நிற்கிறவர் மொட்டை முனையில் சம்மட்டியை இறக்குவார். கம்பி துண்டாகும். இதில் பிடிக்கிறவர்தான் ராஜா. எங்கே வெட்டுவது, எப்போது நிறுத்துவது எல்லாம் அவர் வாயில். அடிக்கிறவர் மாடு மாதிரி அடிக்க வேண்டியதுதான்.

கல்யாணமாகி இந்தப் பட்டறைக்கு வந்ததிலிருந்து மாமனார் பிடித்தார், பெரிய மாப்பிள்ளை அடித்தான். இப்போது மாமனாருக்கு மணிக்கட்டு வீங்கி டம்ளர் தூக்குவதே பாடாக இருந்தது. பழைய சுத்தியலிலும் விரிசல் விழுந்துவிட்டது. புதுச் சுத்தியல் வந்ததும் அதைப் பிடிக்கப்போவது தான்தான் என்று பெரிய மாப்பிள்ளை மனசுக்குள் எப்போதோ பட்டாபிஷேகம் நடத்தி முடித்துவிட்டான். தானே ஒன்று செய்யவும் தொடங்கினான். பிடி நுழைகிற ஓட்டை கோணிக்கொண்டு போனது. இன்னொரு துண்டு எடுத்தான், அதுவும் கோணியது. இரண்டும் பழைய இரும்புக் குவியலுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. வந்து வருஷம்கூட ஆகாத சகலை, யாரும் கேட்காமலே ஒன்றைச் செய்து மாமனார் மடியில் வைத்துவிட்டான்.

"இங்க குடு, பார்ப்போம்" என்று பெரியவன் கை நீட்டினான். குற்றம் கண்டுபிடிக்காமல் அதைக் கீழே வைப்பதில்லை என்று முடிவு. "மொட்டை முனையையும் சேர்த்துத் தண்ணியில முக்கிட்டியா? இறுகிப்போய் அடிச்சா சில்லு தெறிக்குமே."

"இல்லண்ணே. கூர் பக்கம் மட்டும்தான்."

அவன் நம்பவில்லை. அரத்தை எடுத்து மொட்டை முனையில் இழுத்தான். அரம் நன்றாகவே கடித்தது. எங்கே மென்மை வேண்டுமோ அங்கே மென்மை. ஓட்டையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"பிடி கொஞ்சம் நீளம்" என்றான்.

"உங்களுக்குக் கை நீளம்ணே" என்றான் சின்னவன். மாமனார் சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பெரியவனுக்கு விளங்கவில்லை.

உலையை மூட்டினார்கள். ஒரு பெரிய கேட்டுக்கு வேண்டிய தடித்த கம்பிகள் வெட்ட வேண்டியிருந்தது.

"சின்ன மாப்ள, நீங்க செஞ்சது, நீங்களே பிடிங்க. பெரிய மாப்ள அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாமனார் வாசல் பக்கம் முக்காலியில் போய் உட்கார்ந்தார். பெரிய மாப்பிள்ளை சம்மட்டியை எடுத்தான். இத்தனை நாள் தூக்கிய அதே சம்மட்டி, அன்றைக்கு இரண்டு மடங்கு கனத்தது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கம்பியை வைத்து வெட்டுகிற பட்டறைக்கல் ஒரே சமமான இரும்புப் பாளம். கம்பி வெட்டுப்பட்டு, அடியில் தோல் அளவு மிஞ்சும்போது பிடிக்கிறவர் "தொடு" என்பார். அதற்கப்புறம் விழுகிற அடி, தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். அங்கேயும் முழு பலத்தோடு அடித்தால் கூர் நேரே கல்லில் இறங்கும், கூரும் போகும், கல்லும் போகும். கல்லில் ஒரு கீறல் விழுந்தால் மாமனாருக்கு அவர் நெஞ்சிலேயே விழுந்த மாதிரி.

முதல் அடியிலேயே கூர் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அடுத்த அடி, அதற்கடுத்தது. பழைய சுத்தியல் இப்படி வெட்டியதே கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் பெரிய மாப்பிள்ளைக்கு எரிச்சல் ஒரு படி ஏறியது. உடைந்து தொலையேன் என்று அடித்தான். அது உடைவேனா என்றது.

"தொடு" என்றான் சின்னவன்.

கேட்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகக் கேட்டது. கேட்டுக்கொண்டே சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, அத்தனை பலத்தையும் சேர்த்து இறக்கினான்.

சத்தம் வேறு மாதிரி வந்தது. வெட்டுப்பட்ட துண்டு சுவரில் போய் மோதி விழுந்தது. கூரின் நடுவில் நகம் மடங்கிய மாதிரி ஒரு மடிப்பு. கல்லில் பளபளவென்று ஒரு வெட்டு.

மாமனார் எழுந்து வந்தார். காலமெல்லாம் இரும்புச் சத்தம் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது மந்தம். வாசலில் இருந்தவருக்கு "தொடு" எட்டியிருக்க வழியே இல்லை. கல்லில் விழுந்த வெட்டை விரலால் தடவினார்.

"என்ன ஆச்சு?"

சின்னவன் பெரியவன் முகத்தைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. பிறகு, "தொடு சொல்ல மறந்துட்டேன் மாமா. என் தப்புதான்" என்றான்.

பெரிய மாப்பிள்ளைக்கு உயிர் திரும்பி வந்தது. தப்பித்தோம் என்று மூச்சுவிடப் போனான். காலி டம்ளர்களை எடுக்க வந்த மனைவி நிலைப்படியிலேயே நின்றிருந்தாள்.

"தப்புன்னு உடனே ஒத்துக்கிட்டாரு பாருங்க. எவ்வளவு பெரிய மனசு" என்றாள்.

விட்டிருக்கலாம். அவனால் முடியவில்லை. சுத்தியல் சின்னவனுடையது, பாராட்டு சின்னவனுடையது, இடமும் சின்னவனுடையது. இப்போது பெரிய மனசும் அவனுக்கேவா?

"அவன் சொன்னான் மாமா" என்றான் பெரிய மாப்பிள்ளை. "எனக்குக் கேட்டுச்சு. கேட்டுத்தான் அடிச்சேன்."

மனைவி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டாள். மாமனார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கூரைத் தீட்டிக் கொண்டுவாங்க" என்றார். "அப்புறம் இடம் மாத்திக்குங்க. நீங்க பிடிங்க. சின்ன மாப்ள அடிக்கட்டும்."

சாணைக்கல்லில் வைத்துத் தீட்டும்போது மடிப்பு சீக்கிரமே போய்விட்டது. நல்ல இரும்பு. அதை நினைத்தாலும் எரிந்தது. சின்னவன் தண்ணீர்ச் சட்டியை அவன் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தான்.

"ஓட்டை எப்படி நேரா போட்ட?" இரைச்சலில் கேட்காமலே போகட்டும் என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

"பாதி இந்தப் பக்கத்துல இருந்து, பாதி அந்தப் பக்கத்துல இருந்துண்ணே."

"அது எனக்குத் தெரியும்" என்றான் பெரியவன். இரண்டு தடவையும் ஒரே பக்கத்திலிருந்துதான் இறக்கியிருந்தான்.

அடுத்த கம்பி பழுத்தது. இடது கையில் கம்பி, வலது கையில் சுத்தியல். இத்தனை நாள் ஆசைப்பட்ட இடத்தில் நின்றான். அங்கே நின்ற பிறகுதான் ஒன்று உறைத்தது. சம்மட்டி விழுகிற இடத்துக்கும் தன் விரல்களுக்கும் நடுவே ஒரு பிடியின் நீளம்தான். இந்த இடத்தில் நின்ற ஒருவனைப் பார்த்துத்தான் அவன் அப்படி அடித்திருந்தான். இப்போது எதிரே சம்மட்டியோடு நிற்பவன் அந்த ஒருவன்.

"நீங்க சொல்லுங்கண்ணே" என்றான் சின்னவன்.

கூர் இறங்கியது. கம்பி மடங்கத் தொடங்கியது. சம்மட்டி மேலே போனது.

"தொடு" என்றான் பெரிய மாப்பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டான்.

டிக் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தான். துண்டு கல்மேலேயே சாய்ந்து கிடந்தது. புதுக் கீறல் எதுவும் இல்லை. கூரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. முக்காலியில் இருந்த மாமனார் தலையை ஆட்டினார்.

இத்தனை வருஷத்தில் தான் ஒரு தடவைகூட அவ்வளவு இலேசாகத் தொட்டதில்லை என்று பெரிய மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. வயிறு மறுபடியும் எரிய ஆரம்பித்தது. அடுத்த கம்பிக்குக் கை நீட்டினான்.