நாமாகத் துண்டிக்கக் கூடாது

அண்ணனின் அழைப்பை எடுப்பதற்கு முன் ஒருமுறை "அண்ணா" என்று சொல்லிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. கையிலேயே போன் அடித்து ஓய்ந்தது.

கடைசியாக யாரிடம் பேசினேன்? வேலையிலிருந்து எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் மொத்தமாக நிறுத்திய அன்று, வாசலில் அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்ட காவலாளியிடம் "இந்தாங்க" என்றதுதான். அதன் பிறகு கடையில்கூட விரலை நீட்டியே வாங்கியிருக்கிறேன். இணைய நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் வருடக்கணக்கில் வாயால் பிழைத்தவள் நான். தூக்கத்திலும் வாய் ஓயாது என்று அண்ணன் கிண்டல் செய்வான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. 'வேலையில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன்' என்று செய்தி அனுப்பியே ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த அறைக்குள் நான் விழுந்து கிடந்தாலும், வேலையில் இருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான். அதை நினைத்ததும் பயம் வந்தது.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றுதான். எங்கள் சேவை மையத்தின் எண். குரல் வருகிறதா என்று பார்க்க அதை அடித்தேன். உரையாடல் பதிவு செய்யப்படும் என்ற அறிவிப்பு முடிந்து, "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்றது ஒரு குரல். எனக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா. அவள் வரிசையை விட்டுவைத்திருந்தார்கள்.

"அ..." என்றேன். இருமல் வந்தது. "நெட் வரல."

அந்தப் பக்கம் தட்டிக்கொண்டிருந்த விசைப்பலகை நின்றது. என் குரலைக் கண்டுபிடித்துவிட்டாள். பதிவாகும் அழைப்பில் சொந்தக் கதை பேசினால் அவள் வேலைக்கும் ஆபத்து.

"செக் பண்றேன் மேடம். கொஞ்சம் டைம் ஆகும். லைன்லயே இருங்க."

எங்கள் மையத்தில் ஒரு விதி உண்டு. வாடிக்கையாளர் வைக்கும்வரை நாமாக அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. விசைப்பலகை தட்டும் சத்தமும் சுற்றிலும் பல குரல்களும் கேட்டன. அவள் எதையும் பரிசோதிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

"லைன்ல இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன்."

சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். நாலைந்து முறை சொன்ன பிறகு என் குரல் எனக்கே அடையாளம் தெரிந்தது. நீண்ட அழைப்புகளுக்கு அவளிடம் விளக்கம் கேட்பார்கள். நானே வைத்தேன்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்தபோது அண்ணன் மறுபடி அழைத்தான். பயம் போகவில்லை. அதோடுதான் எடுத்தேன்.

"வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?" பழக்கதோஷம்.

அவன் சிரித்தான். "எனக்குமா? இன்னும் ஆபீஸ்லதான் இருக்கியா?"

"இல்லண்ணா. ஆபீஸ் இல்ல. எங்க வரிசையவே தூக்கிட்டாங்க. அன்னிக்கிலேர்ந்து ரூம்லதான் இருக்கேன். உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். பயமா இருக்கு."

சிரிப்பு நின்றது. திட்டப்போகிறானா, அழுகிறானா, ஒன்றும் புரியவில்லை. வைத்துவிடலாம் என்று விரல் போனது. வைக்கவில்லை.

"லைன்ல இருக்கியாண்ணா?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் ஓசை கேட்டது.