இருப்பிடத்தைத் தெரிவிக்க முடியுமா?

எங்கள் நாசரேத்தில் யாருக்கும் ‘ஸ்லாங்’ கிடையாது. அது சாத்தான்குளத்துக்காரர்களுக்குத்தான் உண்டு என்பார்கள். சாத்தான்குளத்தில் போய்க் கேட்டால் உடன்குடிப் பக்கம் கைகாட்டுவார்கள். உடன்குடிக்காரர்கள் யாரைக் காட்டுவார்கள் என்று தெரியாது, அதற்கு அப்பால் கடல். இப்படி மாசு மருவில்லாத தமிழ் பேசும் ஊரில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, பி.காமும் முடித்த எனக்கு வாயில் ஒரு குறை இருக்கிறது என்பதைச் சென்னையிலிருந்து கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

என் பெயர் ஜெபசுதா. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. ஏற்றுமதிச் சரக்கை ஏற்றிய கன்டெய்னர் லாரி, துறைமுகக் கேட்டுக்குள் நேரத்தோடு நுழைவது என் பொறுப்பு. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கெடு உண்டு. கெடு தாண்டி வரும் பெட்டிக்கு இடம் கிடையாது, அடுத்த கப்பல்தான். ஆகவே டிரைவர்களைப் போனில் விரட்டுவதுதான் என் வேலையில் முக்கால்வாசி. பல வருடமாக அந்த வேலைக்குப் பெயர் கிடையாது. இந்த வருடம் சென்னைத் தலைமை அலுவலகம் அதற்கு ‘ரிலேஷன் லீட்’ என்று பெயர் வைத்தது. பெயர் வைத்த கையோடு அதற்கு ஆள் தேட ஆரம்பித்தது.

போட்டியில் நானும் நேசக்குமாரும். எனக்குப் பின்னால் சேர்ந்தவன், சட்டை இஸ்திரியும் ஆங்கில மெயிலும் ஒரே மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கும். நல்ல பையன்தான், நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதவி எனக்கு வேண்டும். இத்தனை காலம் செய்த வேலைக்குப் பெயர் வைத்துவிட்டு அந்தப் பெயரை இன்னொருவருக்குக் கொடுத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

பதவிக்கு ஒரே நிபந்தனை, ‘நியூட்ரல் ஆக்சென்ட்’, அதாவது எந்த ஊர் வாசனையும் இல்லாத பேச்சு. அதைக் கற்றுத்தர பானுப்ரியா என்ற பயிற்சியாளர் சென்னையிலிருந்து வீடியோவில் வந்தார். முதல் வகுப்பிலேயே, “உங்க ஸ்லாங் ரொம்ப க்யூட்டா இருக்கு” என்றார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் பல் டாக்டர் சிரிப்பைப் புகழ்ந்த மாதிரி இருந்தது. ‘வாரேன்’, ‘சொல்லுதேன்’, ‘அங்கன’ எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, வாய்விட்டுச் சிரித்து, பிறகு இனிமேல் இதையெல்லாம் சொல்லக் கூடாது என்றார். ‘ஏலே’ என்பது மனிதவளத் துறைக்குப் போகவேண்டிய புகார் என்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கம் அது இல்லாமல் பேசினால்தான் ஏதோ கோபம் என்று அர்த்தம்.

டிரைவரை அழைத்தால் சொல்லவேண்டிய வாசகத்தையும் எழுதிக் கொடுத்தார். ‘வணக்கம். உங்கள் தற்போதைய இருப்பிடத்தைத் தெரிவிக்க முடியுமா?’ பதில் வந்ததும் நன்றி சொல்ல வேண்டும். எதிராளி சொன்னதைச் சந்தேகப்படக் கூடாது, அது அவமதிப்பு.

வீட்டில் என் கணவர் ஞானதீபத்திடம் சொல்லிப் பழகினேன். ஆத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவர். “அடுக்களையில் இருக்கிறேன், மேடம்” என்று எழுந்து நின்றார். அன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கல். சட்டியை நான் வழிக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மேடத்திடம் போய் அதையெல்லாம் எப்படிச் சொல்வது என்றார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. காரணம், அந்தக் குரல் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அதே குரலில் பேங்கில் போய்ப் பேசினால் உட்காரச் சொன்னார்கள். ஜவுளிக்கடையில் மேல்தட்டுச் சேலையை இறக்கிக் காட்டினார்கள். இதே வாயை வைத்துக்கொண்டு இத்தனை நாள் நின்றுகொண்டே இருந்திருக்கிறேனே என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

தேர்வு நாளன்று எனக்கு நாலு லாரி, நேசக்குமாருக்கு நாலு லாரி, கப்பல் ஒன்று. என் லாரிகளில் இருந்தது பகவதி அக்காவின் சரக்கு. காய்ந்த பூவை அலங்காரத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். இந்தக் கப்பலை விட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். மதியம் பார்த்துக் கப்பலின் கெடுவை முன்னால் நகர்த்திவிட்டார்கள். டிரைவர்களை உடனே கிளப்ப வேண்டும். அழைப்புகள் சென்னை நம்பரிலிருந்து போகும், மேனேஜரும் பானுப்ரியாவும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மதிப்பெண் போடுவார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் நடைமுறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிரைவரிடம் எங்கே நிற்கிறாய் என்று கேட்டால், துறைமுகத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் உப்பளத்தைத் தாண்டிவிட்டேன் என்பான். எங்கே நின்றாலும் அதையேதான் சொல்வான். அது பொய்யில்லை, வணக்கம் சொல்வது மாதிரி ஒரு மரியாதை. பொய் சொல்லாதே என்று நான் ஏசுவேன். அவன் சிரிப்பான். அதற்குப் பிறகுதான் எட்டயபுரம் ரோட்டுப் புரோட்டாக் கடையில் இருப்பதை ஒப்புக்கொண்டு எழுந்திருப்பான். முதல் பதிலை எங்கள் பக்கம் யாரும் நம்புவதில்லை, நம்பச் சொல்லி யாரும் அதைச் சொல்வதுமில்லை.

செந்தூர்வேலுக்குப் போன் போட்டேன். என் நாலு வண்டிக்கும் அவன்தான் முன்வண்டி. வணக்கம் சொல்லி, இருப்பிடத்தைத் தெரிவிக்க முடியுமா என்று கேட்டேன். அவன் பவ்யமாக, உப்பளத்தைத் தாண்டிவிட்டதாகச் சொன்னான். மேடம் என்றான். பின்னால் கல்லில் புரோட்டா கொத்தும் சத்தம் நன்றாகவே கேட்டது. நன்றி சொல்லி வைத்தேன். அவன் சொன்னதைப் பதிந்ததும், கம்ப்யூட்டர் திரையில் அவன் லாரி ‘நேரத்துக்கு வருகிறது’ என்று பச்சை நிறமானது. மற்ற மூவரும் அதே பவ்யத்தோடு உப்பளத்தைத் தாண்டினார்கள். நேசக்குமாரின் நாலு பேரும் தாண்டினார்கள். திரை முழுக்கப் பச்சை. மேனேஜர் அருமை என்றார், பானுப்ரியா கட்டைவிரலைக் காட்டினார்.

அந்தப் பச்சை முழுக்கப் புரோட்டாக் கடை என்று எனக்குத் தெரியும். நேசக்குமாருக்கும் தெரியும். அவன் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் பதவி எனக்கு வரலாம். பகவதி அக்காவிடம் மெயிலில் வருத்தம் தெரிவித்துக்கொள்ளலாம். நான் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், யோசித்தேன். பிறகு அதே நம்பரில், அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மறுபடி போன் போட்டேன்.

“ஏலே செந்தூர்வேலு, பொய் சொல்லாத. நீ கொத்துப் புரோட்டா திங்க சத்தம் இங்கன வர கேக்கு. கெடுவ முன்னால தள்ளிட்டானுவ. அந்த மூணு பேரையும் எழுப்பிக் கூட்டிட்டு வண்டிய எடுல.”

“யக்கா, நீங்களா? முதல்லயே சொல்லப்பிடாதா? லோன் குடுக்க பொம்பளையோன்னுல்லா நெனச்சேன். இந்தா வாரேன்.”

வந்தான். நாலு பெட்டியும் கேட்டுக்குள் போயின. நேசக்குமாரின் நாலு பெட்டியும் திரையில் பச்சையாகவே இருந்து, கப்பலை விட்டன. அவன் தன் வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்பு மெயில் எழுதினான். அதை மேனேஜர் எல்லாருக்கும் மாதிரியாக அனுப்பிவைத்தார்.

பதவி நேசக்குமாருக்கு. மேனேஜர் என்னை அழைத்துப் பொறுமையாக விளக்கினார். நான் ஒரு டிரைவரைப் பொய்யன் என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் பதிவாகும் அழைப்பில். அவன் பொய்தான் சொன்னான் சார் என்றேன். அது வேறு விஷயம் என்றார். பெட்டிகள் உள்ளே போனது மகிழ்ச்சிதான், ஆனால் நேசக்குமாரின் அழைப்புகளில் கடைசிவரை மரியாதை குறையவில்லை என்றார். உண்மைதான். கப்பலை விட்டான், மரியாதையாக விட்டான்.

அன்று பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எந்த வட்டார வழக்கும் இல்லாத சுத்தமான அழுகை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் பானுப்ரியாவிடமிருந்து செய்தி. அடுத்த பயிற்சிக்குச் சிரிப்பு மூட்ட, நான் ‘ஏலே’ சொல்வதைப் பதிவு செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

நேசக்குமாருக்குத் தனி நாற்காலி வந்தது. அவன் அழைப்புகள் எல்லாம் சென்னையில் பதிவாகின்றன, அதனால் டிரைவர்களை சார் என்கிறான். டிரைவர்களும் அவனை சார் என்கிறார்கள். முதல் வாரத்திலேயே ஒரு நாள் மத்தியானம், திரை முழுக்கப் பச்சையாக இருந்த நேரத்தில், எழுந்து என் மேஜைக்கு வந்து குனிந்து நின்றான்.

“யக்கா, பயலுவ எல்லாரும் உப்பளத்தத் தாண்டிட்டோம்னு சொல்லுதானுவ. உங்க செல்லுல இருந்து ஒரு போனப் போட்டு ஏசுங்கக்கா.”

எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சு நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, முதுகை நிமிர்த்தி, பானுப்ரியா சொல்லிக்கொடுத்த மாதிரி மெல்லப் புன்னகைத்தேன்.

“வணக்கம், நேசக்குமார். இந்தப் பணி எந்தப் பதவியின் பொறுப்பில் வருகிறது என்பதைத் தெரிவிக்க முடியுமா?”

அவன் முகம் செத்துப்போனது. “யக்கா, ரெண்டு அடிகூட அடிங்க. இப்படிப் பேசாதிய.”

கப்பலின் கெடுவுக்கு இன்னும் நேரம் இருந்தது. சென்னைக்குப் போன் போட்டு, இந்த வேலையை உண்மையில் செய்யத் தெரிந்தவர் யார் என்று அவன் தன் வாயாலேயே சொல்லும் அளவுக்கு இருந்தது. அதையும் சுத்தத் தமிழில் அவனுக்கு எடுத்துச் சொல்லி, தங்கள் புரிதலுக்கு நன்றி என்று முடித்தேன்.

சென்னையை அழைக்க அவன் போனைக் கையில் எடுத்தான்.