கண்ணாடிக்குள் பச்சை

அந்தச் சிவப்பு கமலவேணியின் கண்ணை உறுத்தியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு. காஜா பேராங்கில் ஒரே வேலிக்குள் இரண்டு வீடுகள். அண்ணன் தேவதாஸின் மனைவி கமலவேணி. தம்பியின் மனைவி பூங்காவனம். ஆளுக்கொரு ஜென்ஜுவாங், நீள இலை விடும் அழகுச் செடி. ஒரே தாய்ச்செடியில் வெட்டிய குச்சிகள். ஒரே கடையில் வாங்கிய தொட்டிகள்.

கமலவேணியின் செடிக்கு ராஜ மரியாதை. பழைய ஜன்னல் கண்ணாடிகளைச் சேர்த்து தேவதாஸ் அதற்கொரு கூண்டே கட்டிக் கொடுத்திருந்தார். பூங்காவனத்தின் செடி கிணற்றடியில், வெட்டவெயிலில் கிடந்தது. ஆனால் கூண்டுக்குள் இருந்தது கீரைக்கட்டு மாதிரிப் பச்சை. கிணற்றடியில் இருந்ததோ ரத்தச் சிவப்பு!

ஆகஸ்டில் செடிக் கண்காட்சி. முதல் பரிசு பெறும் செடி மெர்டேக்கா என்னும் சுதந்திர விழா மேடையில் நிற்கும்.

"நல்ல குச்சிய அவ வெச்சிக்கிட்டா. சொத்தைய என் தலையில கட்டிட்டா," என்று பொருமினாள் கமலவேணி.

"ரெண்டும் ஒண்ணுதான் லா," என்றார் தேவதாஸ், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

ஜூன் மாதம் ஒரு காலை, பூங்காவனம் பசார் போன நேரம். இரண்டே நிமிடம். தொட்டிகள் இடம் மாறின.

அன்று மதியமே கமலவேணியின் தாய்வீடு இருந்த புக்கிட் ரம்பாயிலிருந்து ஆள் வந்தது. அம்மா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாளாம். கமலவேணி பஸ் ஏறினாள். திரும்பி வர இரண்டு மாதம் ஆயிற்று.

வந்ததும் கூண்டைத் திறந்தாள்.

பச்சை!

அடியில் இருந்த சிவப்பு இலைகள் பழுத்து உதிர்ந்திருந்தன. புதிதாக விட்டதெல்லாம் பச்சை. கிணற்றடியைப் பார்த்தாள். அங்கே கொழுந்துவிட்டு எரியும் சிவப்பு. 'திருப்பி மாத்திட்டாளா? இரு, உன்னை நாலு பேர் முன்னால வெச்சிக்கிறேன்.'

கண்காட்சியில் நடுவர் இப்ராஹீம், விவசாய இலாகா அதிகாரி, பூங்காவனத்தின் தொட்டியில் முதல் பரிசு அட்டையைச் செருகினார்.

"நிறுத்துங்க!" கமலவேணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "அது என் செடி! நான் மாத்தி வெச்சத இவ திருட்டுத்தனமா திருப்பி மாத்திட்டா!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

இப்ராஹீம் அதையும், கமலவேணி கொண்டுவந்திருந்த பச்சைச் செடியையும் புரட்டிப் பார்த்தார். "கண்ணாடிக்குள்ள வெச்சீங்களாம்மா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"சிவக்கிற குணம் ரெண்டுலயும் பிறவியிலேயே இருக்கு. ஆனா தூங்கிட்டு இருக்கும். வெயில்ல புற ஊதாக் கதிர்னு ஒண்ணு, கண்ணுக்குத் தெரியாது. அது சுட்டா செடிக்கு ஆபத்து. உடனே அந்தக் குணம் முழிச்சிக்கும், சிவப்புச் சாயத்தக் காய்ச்சி இலைக்குக் குடை பிடிக்கும். உங்க கண்ணாடி வெளிச்சத்த விட்டுச்சு, அந்தக் கதிர நிறுத்திடுச்சு. சுடவே இல்லாதப்ப குடை எதுக்கு?"

"நான் திருப்பி மாத்தல அக்கா," என்றாள் பூங்காவனம். "நீங்க மாத்தினது அன்னிக்கே தெரியும். ஆசைப்பட்டு எடுத்துக்கிட்டாங்க, போகட்டும்னு விட்டுட்டேன். அப்படின்னா ஜெயிச்சது உங்க செடிதானே? நீங்களே மேடைக்குத் தூக்கிட்டுப் போங்க."

தொட்டியை நீட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கமலவேணி பச்சைச் செடியின் தொட்டியை அணைத்துக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். அதைத் தன் முற்றத்து வெயிலில் வைத்தாள். பிறகு கிணற்றடியைப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் வெயில் கொஞ்சம் கூடுதலாகவே விழுவது போல் இருந்தது.